ரஷ்யாவுக்கு ஷூ விற்கலாமா? விற்கலாம், ஆனால் கணக்குப் பார்த்துவிட்டு!



கொஞ்சம் நீளமான பதிவு. ஷூ கம்பெனியிலோ டேனரியிலோ வேலை செய்பவர்களும், வீட்டில் அப்படி ஒருவர் இருப்பவர்களும் தயவுசெய்து கடைசி வரை படியுங்கள். மற்றவர்கள் நேரம் இருந்தால் படியுங்கள்.

2025 டிசம்பர் 4, 5 தேதிகளில் ரஷ்ய அதிபர் புடின் டெல்லி வந்து போனார். இரு நாட்டு வணிகத்தை 2030-க்குள் 10,000 கோடி டாலருக்குக் கொண்டு போவோம் என்று பேசினார்கள். அதிலிருந்து நம்ம ஊர்ப் பக்கம் டீக்கடை, பஜார், கல்யாண வீடு எங்கே போனாலும் ஒரே பேச்சு. "அமெரிக்காக்காரன் வரி போட்டா போடட்டும் சார், நமக்கு ரஷ்யா இருக்கு." வாட்ஸ்அப் குரூப்பில் வெடி போடாத குறைதான்.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் வணிகவியல் பாடம் நடத்தியவன். கைதட்டுவதற்கு முன்னால் பற்று எது, வரவு எது என்று ஒரு கோடு கிழித்துப் பார்த்துவிடுவது என் பழக்கம். இந்த விஷயத்தையும் அப்படியே பார்ப்போம்.

முதலில் நம் நிலைமை.

2025 ஆகஸ்ட் 7-ஆம் தேதி அமெரிக்கா நம் சரக்கின் மீது 25 சதவீத வரி போட்டது. ரஷ்ய எண்ணெய் வாங்குகிறோம் என்று சொல்லி ஆகஸ்ட் 27-இல் இன்னொரு 25. அன்றைக்கு மொத்தம் 50 ஆனது. இந்தியாவின் தோல், தோல் பொருள், காலணி ஏற்றுமதியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குத்தான் போகிறது. நாட்டின் தோல் ஏற்றுமதியில் பெரும்பங்கு தமிழ்நாட்டுடையது. அதிலும் ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்ற இந்தப் பாலாற்றங்கரை வரிசைதான் முதுகெலும்பு. அமெரிக்க பையர் ஒரு ஆர்டரைத் தள்ளிப்போட்டால் முதலில் ஓவர்டைம் போகும். அப்புறம் ஒரு லைன் நிற்கும். அப்புறம் காலையில் கிராமத்துக்கு வந்து பெண்களை ஏற்றிப்போகும் கம்பெனி பஸ் ஒன்று குறையும். இது எனக்குப் புள்ளிவிவரம் அல்ல. என்னிடம் படித்த பிள்ளைகள் பலர் ஸ்டிட்சிங் லைனில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அதனால் புது சந்தை தேடுவது சரி. தேடியே ஆகவேண்டும். ரஷ்யா அதில் ஒன்று என்பதும் சரி. ஆனால் எப்படிப் போவது என்பதில்தான் வாழ்வும் தாழ்வும் இருக்கிறது.

ரஷ்யா நமக்குப் புது சந்தை இல்லை என்பதை இன்றைய தம்பிகள் பலருக்கு யாரும் சொல்லவில்லை. 1953 டிசம்பரில் இந்தியாவும் சோவியத் யூனியனும் வணிக ஒப்பந்தம் போட்டன. பிறகு முழுக்க ரூபாயிலேயே கணக்கு. அவர்கள் நமக்கு இயந்திரம், ஆயுதம், எண்ணெய் தருவார்கள். அதற்கான ரூபாய் இங்கேயே ஒரு கணக்கில் சேரும். அந்த ரூபாயை வைத்து நம்மிடம் தேயிலை, புகையிலை, மருந்து, துணி, தோல், ஷூ அப்பர் எல்லாம் வாங்குவார்கள். மளிகைக் கடையில் பற்று வரவு நோட்டு வைத்திருப்போமே, அதேதான். டாலர் என்ற மூன்றாவது ஆளே நடுவில் கிடையாது.

1973-க்குப் பிறகு பச்சைத் தோலை அப்படியே ஏற்றுமதி செய்யத் தடை வந்தது. சீதாராமையா குழு 1972-இல் கொடுத்த பரிந்துரைகளுக்குப் பின்னால் வந்த கொள்கை அது. தோலை முடித்து விற்கவேண்டும், முடிந்தால் அப்பராகவும் ஷூவாகவும் தைத்து விற்கவேண்டும் என்பது நோக்கம். அந்தத் தையலுக்கு அன்றைக்குப் பெரிய வாடிக்கையாளர் சோவியத் யூனியன். ஆர்டர் பெரியது. டிசைன் மாறாது. ஃபேஷன் தொல்லை கிடையாது. பணம் ரூபாயில் வந்துவிடும். ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் போன்ற அரசு நிறுவனங்கள் நடுவில் நின்றன. சொகுசான வியாபாரம் என்றே சொல்லலாம்.

1991 டிசம்பரில் சோவியத் யூனியனே இல்லாமல் போனது.

வாடிக்கையாளர் கடனை அடைக்காமல் போவதைப் பார்த்திருக்கிறோம். வாடிக்கையாளரின் நாடே வரைபடத்திலிருந்து காணாமல் போவதை யார் பார்த்திருக்கிறார்கள்? அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் நாம் அவர்களுக்கு வாங்கியதைவிட அதிகமாக விற்றுக்கொண்டிருந்தோம். அந்த வித்தியாசத்தை ரிசர்வ் வங்கி கடனாகத் தாங்கிக்கொண்டிருந்தது. ஆட்டம் நின்றதும் அந்தச் சந்தையை மட்டும் நம்பியிருந்தவர்கள் நடுத்தெருவுக்கு வந்தார்கள். ஆக்ராவிலும் வந்தார்கள், தமிழ்நாட்டிலும் வந்தார்கள். ஜெர்மனி, இத்தாலி, இங்கிலாந்து பையர்களை ஏற்கெனவே பிடித்து வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள்.

1993 ஜனவரியில் எல்ட்சின் வந்தபோது பழைய ரூபிள் கடனை எப்படித் தீர்ப்பது என்று ஓர் ஏற்பாடு ஆனது. நாம் கடனை ரூபாயில் கட்டுவோம், அவர்கள் அந்த ரூபாயில் நம் பொருளை வாங்குவார்கள். நல்ல வாய்ப்புதான். ஆனால் எப்படியும் வாங்குவார்கள் என்று தரம் குறைந்த சரக்கைத் தள்ளிவிட்டவர்களும் இருந்தார்கள். இந்தியப் பொருள் என்றால் மட்டம் என்ற பேர் அங்கே பரவியதற்கு அவர்களும் ஒரு காரணம். காசு வந்தது, பேர் போனது.

இந்தப் பழைய கதை எதற்கு என்று கேட்கலாம். இப்போது நடப்பது அதே கதைதான், கொஞ்சம் தலைகீழாக.

2024-25 நிதியாண்டில் இந்திய-ரஷ்ய வணிகம் சுமார் 6,870 கோடி டாலர். அதில் நாம் விற்றது சுமார் 488 கோடி டாலர்தான். வாங்கியது 6,384 கோடி. அதாவது நாம் ஒரு ரூபாய்க்கு விற்றால் பதின்மூன்று ரூபாய்க்கு வாங்குகிறோம். பெரும்பகுதி கச்சா எண்ணெய். எண்பதுகளின் கடைசியில் பாக்கி நம் பக்கம் தேங்கியது. இப்போது ரூபாய் அவர்கள் பக்கம் தேங்குகிறது.

2022 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளிநாட்டு வணிகத்தை ரூபாயிலேயே முடித்துக்கொள்ள வழி செய்தது. ரஷ்ய வங்கிகள் இங்கே வோஸ்ட்ரோ கணக்கு திறந்தன. 2023 மே மாதம் கோவாவுக்கு வந்த ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவ், இந்திய வங்கிகளில் எங்கள் ரூபாய் குவிந்து கிடக்கிறது, அதைப் பயன்படுத்த வழியில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். 2025 ஆகஸ்டில் அந்த உபரி ரூபாயை அரசுக் கடன் பத்திரத்தில் போட்டுக்கொள்ள ரிசர்வ் வங்கி அனுமதி கொடுத்தது. வாங்கப் பொருள் இல்லாதவன் காசை வட்டிக்கு விடுகிறான். அவ்வளவுதான் விஷயம்.

ஒருவன் பையில் நம் ஊர்க் காசு நிறைய இருக்கிறது, நம்மிடம் செலவழிக்கத் தயாராகவும் இருக்கிறான் என்றால் அது வியாபாரிக்கு நல்ல சேதி. இதோடு 2022-க்குப் பிறகு நைக்கி, எச் அண்ட் எம் போன்ற பெரிய மேற்கத்திய நிறுவனங்கள் ரஷ்யாவை விட்டு வெளியேறிவிட்டன. சுமார் 14 கோடியே 60 லட்சம் பேர் உள்ள நாடு. தமிழ்நாட்டைப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு. அத்தனை பேருக்கும் கால் இருக்கிறது. குளிர் நாடு என்பதால் ஒரு ஜோடி செருப்பை வைத்து வருஷம் முழுக்க ஓட்டமுடியாது. குளிர்காலத்துக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று, நடுவில் வரும் சேறும் மழையுமான வசந்தத்துக்கும் இலையுதிர் காலத்துக்கும் ஒன்று.

2025 ஆகஸ்ட் 20-ஆம் தேதி மாஸ்கோவில் யூரேசியப் பொருளாதார ஒன்றியத்தோடு தடையற்ற வணிக ஒப்பந்தப் பேச்சுக்கான விதிமுறைகளில் இந்தியா கையெழுத்திட்டது. ரஷ்யா, பெலாரஸ், கஜகஸ்தான், ஆர்மீனியா, கிர்கிஸ்தான் ஐந்தும் அதில் அடக்கம். பேச்சு முடிந்து வரி குறைந்தால் இன்னும் நல்லது.

இது வரவுப் பக்கம். இனி பற்றுப் பக்கம்.

ஒன்று: சரக்கு. நம் கைப்பழக்கம் பெரும்பாலும் ஐரோப்பிய ஆண்களுக்கான தோல் ஷூ. மாஸ்கோ குளிர்காலத்தில் அது போதாது. சோல் சரியில்லை என்றால் மைனஸ் இருபதில் விறைத்து வெடிக்கும். பி.வி.சி. சோலை அங்கே அனுப்புவது ஐஸ் கட்டியைக் காலில் கட்டி விடுவதற்குச் சமம். உள்ளே கம்பளியோ ஆட்டு ரோம லைனிங்கோ வேண்டும். பனியை உருக்க ரோட்டில் உப்பும் ரசாயனமும் கொட்டுவார்கள். அது தோலில் வெள்ளையாகப் பூத்துவிடும். ஃபினிஷிங் அதைத் தாங்கவேண்டும். அவர்கள் அளவு எண்ணும் ஐரோப்பிய எண்ணிலிருந்து பெரும்பாலும் ஒன்று குறைவாக வரும். நாம் 43 என்பதை அவர்கள் 42 என்பார்கள். பெட்டியில் தப்பாகப் போட்டால் மொத்தக் கன்டெய்னரும் தகராறு. சென்னையில் சி.எல்.ஆர்.ஐ. 1948-லிருந்து இருக்கிறது. சோலைக் குளிரில் மடக்கிச் சோதிப்பது முதல் எல்லாவற்றையும் கேட்டு வாங்கலாம். கேட்கிறோமா?

என் கருத்தில் குளிர்கால பூட்ஸில் நேரடியாகக் குதிக்க வேண்டாம். வசந்த, இலையுதிர் காலத்துக்கான சாதாரண தோல் ஷூவில் ஆரம்பிக்கலாம். அது நம் கைக்கு வரும்.

இரண்டு: காகிதம். அங்கே காலணி விற்க யூரேசிய ஒன்றியத்தின் தொழில்நுட்ப விதிப்படி சான்று வேண்டும், இ.ஏ.சி. முத்திரை வேண்டும், விவரங்கள் ரஷ்ய மொழியில் வேண்டும். 2020 ஜூலை 1 முதல் ஒவ்வொரு ஜோடிக்கும் தனித்தனி டிஜிட்டல் குறியீடு கட்டாயம். 'செஸ்த்னி ஸ்னாக்' என்று அதற்குப் பேர், நேர்மையான அடையாளம் என்று அர்த்தம். அந்தக் குறி இல்லாத ஷூவை அங்கே கடையில் வைக்கவே கூடாது. குறியீட்டை அங்கிருக்கும் இறக்குமதியாளர்தான் எடுத்துத் தருவார், ஒட்டும் வேலை நம் பேக்கிங் டேபிளுக்கு வரும். பெரிய கம்பெனி சமாளித்துவிடும். இரண்டு லைன் வைத்து ஜாப் ஒர்க் செய்கிற தம்பி என்ன செய்வார்? தோல் ஏற்றுமதிக் கழகம் ஆம்பூரிலேயே இதற்கு ஓர் உதவி மேசை போடவேண்டும். இதுதான் என் முதல் கோரிக்கை.

மூன்று: வழி. சென்னை - விளாடிவோஸ்டாக் கடல் பாதை என்று பெருமையாகப் பேசுகிறோம். மும்பையிலிருந்து செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போக 40 நாள், சென்னையிலிருந்து விளாடிவோஸ்டாக் போக 24 நாள்தான் என்கிறார்கள். உண்மைதான். ஆனால் அட்லஸை எடுத்து ஒருமுறை பாருங்கள். ரஷ்ய மக்களில் பெரும்பாலோர் இருப்பது மேற்கே, யூரல் மலைக்கு அந்தப் பக்கம். விளாடிவோஸ்டாக்கில் இறக்கிய ஷூ மாஸ்கோ போக இன்னும் 9,288 கிலோமீட்டர் ரயிலில் போகவேண்டும். கரி வாங்க அந்தப் பாதை நல்ல பாதை. ஷூ விற்பவர் சரக்குக் கட்டணத்தைக் கடைசி ஊர் வரை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் விலை சொல்லவேண்டும்.

நான்கு: பணம். இதுதான் தலையாய விஷயம். ரஷ்ய வங்கிகள் பல ஸ்விஃப்ட் அமைப்பிலிருந்து நீக்கப்பட்டவை. ரூபிளின் மதிப்பு 1998-இல் ஒருமுறை சரிந்தது, 2014-இல் இன்னொரு முறை. ரூபிளில் விலை பேசி மூன்று மாதம் கழித்துப் பணம் வாங்குவது சூதாட்டம். அதனால் ரூபாயில் மட்டும் பேசுங்கள். வோஸ்ட்ரோ கணக்கு வழியாக வரட்டும். ஒரு பங்கு முன்பணம் வாங்குங்கள். இ.சி.ஜி.சி. காப்பு எந்த அளவுக்குக் கிடைக்கும் என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்டு கட்டிங்கை ஆரம்பியுங்கள்.

என் பழைய மாணவர் ஒருவர் சின்ன யூனிட் நடத்துகிறார். போன மாதம் போன் செய்தார். "சார், வாட்ஸ்அப்புல ஒரு ரஷ்யா பார்ட்டி வந்திருக்கார். ஐயாயிரம் ஜோடி கேக்கறார். தொண்ணூறு நாள் கிரெடிட். துபாய்ல இருக்கற ஒரு கம்பெனி பணம் தருமாம்." நான் ஒரே கேள்விதான் கேட்டேன். "வாங்குறவர் ஒருத்தர், பணம் தர்றவர் வேற ஒருத்தர். நாளைக்குத் தகராறுன்னா நீ யார் மேலப்பா கேஸ் போடுவே?" கொஞ்ச நேரம் பேச்சில்லை. "சரி சார், மொதல்ல பேங்குல கேட்டுட்டு சொல்றேன்" என்றார். இந்த ஜாக்கிரதைதான் இப்போது எல்லோருக்கும் வேண்டும்.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். அந்த ரூபாய் எங்கிருந்து சேருகிறது? நாம் வாங்கும் எண்ணெயிலிருந்து. 2025 அக்டோபர் 22-இல் ரோஸ்நெப்ட், லுக்காயில் என்ற இரண்டு பெரிய ரஷ்ய எண்ணெய் நிறுவனங்கள் மீது அமெரிக்கா தடை போட்டது. நாளைக்கு நாம் எண்ணெய் வாங்குவது குறைந்தால் அந்த ரூபாய்க் குளமும் வற்றும். ஊற்று யார் கையில் என்று தெரியாமல் குளத்தை நம்பிப் பயிர் வைக்கக்கூடாது.

ஐந்து: மனசாட்சி. இதைப் பேசினால் சிலருக்குக் கோபம் வரும், பரவாயில்லை. பீகாரில் ஹாஜிபூரில் ஒரு தொழிற்சாலை ரஷ்ய ராணுவத்துக்கு பூட்ஸ் தைத்து அனுப்புகிறது என்று 2024-இல் நாடெங்கும் செய்தி வந்தது. பீகார் பெண்கள் பலருக்கு வேலை கிடைத்தது என்றும் சொன்னார்கள். அந்தப் பெண்களின் கூலியை நான் குறைசொல்லமாட்டேன். ஆனால் நம் ஊர் அந்த வழியில் போகவேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

காரணம் இரண்டு. முதலாவது, யுக்ரேனில் இன்னும் பிணம் விழுந்துகொண்டிருக்கிறது. ஒரு ரஷ்யத் தாய் தன் பிள்ளைக்கு வாங்கும் பள்ளிக்கூட ஷூ வேறு, அந்தப் பிள்ளையின் அண்ணன் போர்முனைக்குப் போட்டுப் போகும் பூட்ஸ் வேறு. முதலாவதை விற்பதில் எந்தத் தப்பும் இல்லை. ஐ.நா. விதிக்காத தடையை இந்தியா ஏற்பதில்லை, காலணி விற்பதும் குற்றமில்லை. இரண்டாவதை விற்பது வேறு கணக்கு. அடுத்த காரணம் சுத்தமான வியாபாரம். 2023 டிசம்பரில் அமெரிக்கா ஓர் உத்தரவு போட்டது. ரஷ்ய ராணுவத் தொழிலுக்கு உதவும் பரிவர்த்தனையைச் செய்யும் எந்த நாட்டு வங்கி மீதும் நடவடிக்கை எடுக்கலாம் என்று. நம் பெரிய பையர்கள் இன்றைக்கும் அமெரிக்கா, ஜெர்மனி, இங்கிலாந்து, இத்தாலி, பிரான்ஸ்தான். ஒரு ராணுவ ஆர்டருக்காக இந்த ஐந்து வாசலையும் அடைத்துக்கொள்வது புத்திசாலித்தனமா? அதே மாதிரி, ஐரோப்பிய பையர் கொடுத்த டிசைனில் மிஞ்சிய சரக்கைப் பேரை மாற்றி ரஷ்யாவுக்கு அனுப்பும் வேலையும் வேண்டாம். ஒரு தடவை தெரிந்தால் ஊருக்கே கெட்ட பேர்.

ஆறு: பாலாறு. ஏற்றுமதி பெருகிய அந்தப் பொற்காலத்தின் பில்லை யார் கட்டினார்கள் என்று நமக்குத் தெரியும். ஆறு கட்டியது, கிணறு கட்டியது, விவசாயி கட்டினார். 1996 ஆகஸ்ட் 28-இல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை இன்றைக்கும் சட்டக் கல்லூரியில் பாடமாக நடத்துகிறார்கள். 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து பத்துப் பேர் தூக்கத்திலேயே செத்துப்போனார்கள். 2025 ஜனவரி 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாறு மாசு பற்றித் தீர்ப்புச் சொல்லி, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டது. முப்பது வருஷம் ஆகியும் முடியாத கணக்கு இது.

ரஷ்யச் சந்தையில் இன்று உட்கார்ந்திருப்பது சீனா. சீனாவை விலையில் அடிக்கப் போனால் நம்மால் குறைக்க முடிந்தது இரண்டே இரண்டுதான். ஒன்று, தைக்கும் பெண்ணின் கூலி. இன்னொன்று, கழிவு நீரைச் சுத்தம் செய்யும் செலவு. இந்த இரண்டில் கை வைத்துக் கிடைக்கும் ஆர்டர் நமக்கு வேண்டாம். தரத்தில் போவோம், குறைவாகப் போவோம், சொந்தப் பேரில் போவோம்.

சொந்தப் பேர் என்றதும் சிரிக்க வேண்டாம். ஆம்பூர் என்றால் வெளியூர்க்காரனுக்கு பிரியாணி நினைவு வருகிறது. உலகத்தின் பெரிய பெரிய பிராண்டுக்கெல்லாம் தைத்துக் கொடுத்த ஊர், தன் பேரில் ஒரு ஜோடி ஷூவைக்கூட உலகத்துக்குக் காட்டவில்லை. ரஷ்யாவில் இன்று பெரிய ஆன்லைன் கடை வைல்ட்பெரிஸ். 2004-இல் அதை ஆரம்பித்தவர் தத்யானா பக்கால்சுக் என்ற பெண். என்ன வேலை செய்துகொண்டிருந்தார் தெரியுமா? ஆங்கில ஆசிரியை. பிரசவ விடுப்பில் வீட்டில் இருந்தபோது தொடங்கிய வியாபாரம் அது. (ஆசிரியர் என்பதால் கொஞ்சம் பெருமையோடு சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.) இப்படிப்பட்ட தளத்தில், ஒரு நல்ல ரஷ்யக் கூட்டாளியோடு, முந்நூறு ஜோடி வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். அங்கே வாங்கியவர் எழுதும் குறை நிறை அடுத்த வாரமே நம் கைக்கு வரும். ஐயாயிரம் ஜோடியை ஒரு முகம் தெரியாத ஏஜென்டிடம் கொடுப்பதைவிட இது நல்ல பாடம்.

அந்தக் குறை நிறையை யார் படிப்பது? மொழி தெரியவேண்டுமே? இதற்கும் நம்மிடமே ஆள் இருக்கிறது. ரஷ்யாவுக்கு மருத்துவம் படிக்கப் போன பிள்ளைகள் தமிழ்நாட்டில் எத்தனை பேர்! நம் மாவட்டங்களிலும் இருக்கிறார்கள். ஆறு வருஷம் அந்தக் குளிரில் இருந்து, அந்தக் கடைகளில் ஷூ வாங்கி, அந்த மொழியில் நோயாளியிடம் பேசிவிட்டு வந்தவர்கள். திரும்பி வந்து தகுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் காலத்தில் பகுதி நேரமாக நம் கம்பெனிகளுக்கு மொழிபெயர்த்துக் கொடுத்தால் இருவருக்கும் லாபம். சென்னை ஆழ்வார்பேட்டையில் ரஷ்யன் ஹவுஸ் இருக்கிறது, அங்கே ரஷ்ய மொழி சொல்லித் தருகிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடி கல்லூரிகள் அவர்களோடு பேசி மாலை வகுப்பு நடத்தலாம். எங்கள் தலைமுறை ராதுகா, முன்னேற்றப் பதிப்பகம் புத்தகங்களைத் தமிழில் படித்து ரஷ்யாவைத் தெரிந்துகொண்டது. அடுத்த தலைமுறை ரஷ்ய மொழியில் இன்வாய்ஸ் போடட்டும்.

சுருக்கமாக என் கணக்கை எழுதிவிடுகிறேன்.

போகலாம். ஆனால் ஒரு கம்பெனி தன் மொத்த உற்பத்தியில் ஒரு சின்னப் பங்குக்கு மேல் ரஷ்யாவை நம்பக்கூடாது. பத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். 1991 நமக்கு நடத்திய பாடம் அது. விலை ரூபாயில். முன்பணம் இல்லாமல் கட்டிங் இல்லை. தோலாக விற்காமல் ஷூவாக விற்போம். ராணுவத்துக்கு வேண்டாம், மக்களுக்கு விற்போம். கூலியையும் ஆற்றையும் விலைப் பட்டியலில் சேர்க்கவேண்டாம்.

ரஷ்யாவைப் பார்த்துக்கொண்டே பக்கத்து வாசலை மறக்கவும் கூடாது. 2025 ஜூலை 24-இல் இங்கிலாந்தோடு கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி, நம் காலணிக்கு அங்கே 16 சதவீதம் வரை இருந்த வரியை நீக்க ஒப்புக்கொண்டார்கள். நமக்குப் பழகிய சந்தை, பழகிய அளவு, பவுண்டில் பணம். அதற்குத் தயாராகாமல் மாஸ்கோவைப் பற்றி மட்டும் பேசுவது, வீட்டு வாசலில் விளைந்த கீரையை விட்டுவிட்டுச் சந்தைக்குப் போவது மாதிரி.

அரசாங்கங்கள் கை குலுக்குவது தலைவர்களுக்கு நல்ல போட்டோ. ஆர்டர் வருவதும் நிற்பதும் காலை ஏழு மணிக்கு டிபன் பாக்ஸோடு பஸ் ஏறும் பெண்ணின் வாழ்க்கை. இந்த ஊரில் முதலாளி, தொழிலாளி, விவசாயி மூன்று பேரும் ஒரே ஆற்றுத் தண்ணீரைக் குடித்தவர்கள். முடிவெடுக்கும்போது மூன்று பேரையும் நினைத்துக்கொண்டு எடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஏற்றுமதித் துறையில் இருக்கும் என் மாணவர்கள், பெரியவர்கள், பாய்மார்கள் தங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். ரஷ்யாவுக்கு ஏற்கெனவே அனுப்பிக்கொண்டிருப்பவர்கள் பணம் எந்த வழியாக, எத்தனை நாளில் வந்தது என்று மட்டும் சொன்னால்கூடப் பலருக்குப் பயன்படும். மாற்றுக் கருத்து இருந்தாலும் மரியாதையோடு எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.